பொருள்: ஐஸோடு அடித்த கோப்பிக்குக் கலைச்சொல்

தொகுப்பாளர், திருநெல்வேலி:
அன்புடையீர், உணவகத் தொழில் பயிலும் மாணவருக்கான கையேட்டின் பானங்கள் இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. 'பிராப்பே' மட்டும் தமிழின்றி நிற்கிறது. ஐஸ் கோப்பி என்று எழுதலாமெனில், அது ரின்பால் (தகரத்தில் அடைத்த கட்டிப்பால்) விட்டுக் கலந்து, ஆறவைத்துக் குளிரூட்டி யாழ்ப்பாணத்தில் நம்மவர் பரிமாறும் பானம். இதிலோ ஐஸ்கட்டியே கோப்பியோடும் பாலோடும் அரைபட்டு, பொடிப் பளிங்கும் காற்றுக் குமிழியுமாகக் குழைந்துவிடுகிறது. உறிஞ்சுகுழலில் தடித்து ஏறி, நாவில் நறநறவென்று நெரிந்து உருகும் அந்தப் பதமே இளையவர்களை இழுக்கிறது. குளிரில் இனிப்பு மங்குவதால் சீனியும் தாராளமாகச் சேர்கிறது. பெயரில் அந்தப் பதம் தெரியவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்:
'கடைகோப்பி' என்பேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. மோர் கடைகையில் காற்றுப் புகுந்து நுரை எழுவதே இங்கும் நிகழ்கிறது. சிலம்பின் ஆய்ச்சியர் குரவை 'கடல்வயிறு கலக்கினையே' என்று பாற்கடல் கடைந்ததைப் பாடுவதால், கலக்குதலும் கடைதலும் நம் முன்னோருக்கு ஒரே தொழிலின் இரு பெயர்கள். கடையப்பட்டதாலேயே கடல் என்றாயிற்று என்பது என் நெடுநாள் துணிபு; மத்து, மதம், மதர்ப்பு ஆகியவற்றையும் இவ்வழியே விளக்கலாம்.

ஆசிரியை, பருத்தித்துறை:
ஐயா, வினைத்தொகையில் வல்லினம் மிகாதென்பதை நாம் அறிவோம். ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்கும் பிள்ளை அதைக் கடையில் விற்கும் கோப்பி என்றே வாசிப்பாள். கடலின் வேரைப் பிறகு ஆராய்வோம். பிராப்பே என்பதன் பிரெஞ்சு மூலவினைக்கே அடித்தல் என்பதுதான் பொருள். 1957இல் தெசலோனிக்கி வணிகக் கண்காட்சியில் உடனடிக் கோப்பித்தூளைக் குளிர்நீரோடு குலுக்கியதில் கிரேக்கரின் பிராப்பே பிறந்தது. ஐஸை அரைத்துச் செய்யும் வகையை 1995இல் ஸ்டார்பக்ஸ் தன் கடைகளில் பரப்பியது. நம் கூல்பார்களிலும் ஜூஸ் 'அடிப்பது'தானே வழக்கு? 'அடித்த குளிர்கோப்பி' போதும்.

அன்பர், சுன்னாகம்:
கோப்பியே கடன்சொல்லாயிருக்க, அதற்கு அடைமொழி மட்டும் தமிழில் எதற்கு? ஐஸ்கிறீமைக் குளிர்களி என்றும் பேக்கரியை வெதுப்பகம் என்றும் பெயர்ப்பலகையில் எழுதிப் பழகிய மண் இது. கோப்பிக்குக் குளம்பி என்ற தமிழாக்கம் இருக்கிறது; 'குழைகுளம்பி' என்று துணிந்து எழுதுங்கள். வாய்க்கு வராத சொல்லும் கண்ணுக்குப் பழகினால் வந்துவிடும்.

ஆசிரியை, பருத்தித்துறை:
வெதுப்பகத்தை நானும் விரும்பி எழுதுகிறேன். அதில் வெதுப்புதல் தெரிகிறது. குளம்பியிலோ மாட்டின் குளம்புதான் தெரிகிறது. குழை என்றாலும் இங்கே ஆட்டுக்குக் கட்டுவதையே நினைப்பார்கள். பரீட்சைத்தாளில் அந்தச் சொல்லைக் கண்டு திகைக்கப்போவது என் மாணவர்கள்.

தொகுப்பாளர், திருநெல்வேலி:
மறுமொழி எழுதியோரில் பெரும்பாலார், வேறு வழியின்றியேனும், 'அடித்த குளிர்கோப்பி'யை ஏற்கின்றனர். அதையே தலைப்பாக இடுகிறேன். பிராப்பே என்பது அதற்கு அடுத்து ஒருமுறை மட்டும் வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்:
அது விளக்கத் தொடர், கலைச்சொல் அன்று. அடித்த குளிர்கோப்பிக்கான இயந்திரம், அடித்த குளிர்கோப்பிக்கான குவளை என்று அடுத்த பக்கத்திலேயே தொடர் நீண்டுவிடும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பின்போது கடைகோப்பியை மீண்டும் முன்வைப்பேன்.