வீட்டில் இருக்கிற போனையும் பார்த்துவிட்டுப் போங்கள்

ஆரையம்பதியிலிருந்து

போன வருடம் அம்மாவின் இதய வைத்தியத்துக்காக அவரை இலங்கையிலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே முதல் இரவு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிறவருக்கு உதவும்.

அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, அதனால் அவர் வீட்டில் தனியே. அவரிடம் இருப்பது பட்டன் போன். புறப்படுவதற்கு முன் என் போனில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன்: பாஸ்போர்ட் படம், விசா, ஈசிஜி றிப்போட், லொட்ஜுக்குப் போகிற வழி. அப்பாவின் போனைத் தொட்டும் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தெரியாத வெளிநாட்டு நம்பரில இருந்து கோல் வந்தா எடுக்காதீங்கப்பா, காசு வெட்டும்." அந்த நாட்களில் எங்கள் பக்கம் பலருக்கும் விசித்திரமான நம்பர்களிலிருந்து மிஸ்ட் கோல் வந்துகொண்டிருந்தது. உண்மையில் அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தால்தான் காசு போகும். இங்கே வீட்டில் இருந்துகொண்டு வருகிற கோலை எடுப்பதால் போகாது. நான் அதைப் பிரித்துச் சொல்லவில்லை.

சென்னையில் இறங்கும்போது இரவு ஒன்பது மணி. நம்முடைய சிம்மில் ரோமிங், அதாவது ஊர் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்கிற வசதி, திறக்கவில்லை, சிக்னல் இல்லை. விமான நிலையத்தில் இலவச வைஃபை இருந்தது. அதற்குள் போக நம்பர் கேட்டது, கொடுத்தால் அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. சிக்னலே இல்லாத நம்பருக்கு ஓடிபி எப்படி வரும்? சிம் வாங்கினேன். பாஸ்போர்ட் கொப்பி, விசா கொப்பி, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு, "வெளிநாட்டவர் என்றால் வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும்" என்றார்கள். அது வேலை செய்தது அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு.

லொட்ஜில் வைஃபை இல்லை. வரவேற்பில் இருந்த தம்பி தன் போனைத் தந்தார். 0094 போட்டு, அப்பாவின் நம்பரில் முன்னால் இருக்கிற பூச்சியத்தை விட்டுவிட்டு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை போன் ஓஃப்.

வீட்டில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, போனைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். 91 என்று தொடங்குகிற நம்பர் விடாமல் வந்ததும் பயந்து ஓஃப் பண்ணிவிட்டார். ஐந்து நிமிடத்தில், மகள் எடுத்தால் என்ன செய்வது என்று திரும்ப ஓன் பண்ணினார். பதினொரு மணிக்கு ஏலாத காலோடு பக்கத்து வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பொடியனிடம் என்னுடைய வட்ஸ்அப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "ஒரு டிக்தான் மாமா விழுது" என்றானாம். அந்த ஒரு டிக்கோடு அவர் விடியும்வரை இருந்தார்.

காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் இரண்டு பேர் கதைப்பது கேட்டது. கேட்டவுடன் தெரிந்துவிட்டது, நம்ம ஊர்ப் பேச்சு. வாழைச்சேனை அக்கா ஒருவர், கணவரோடு வந்திருந்தார். அவருடைய சிம்மில் ரோமிங் இருந்தது. அந்த 077 ஊர் நம்பரிலிருந்து எடுத்தேன், முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு கேட்டது, "அம்மா ராவைக்குக் குளுசை போட்டவவா?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பரிசோதனைக்குக் காசு போதவில்லை. ஊர்க் கணக்கிலிருந்து அனுப்பலாம் என்றால் அதற்கும் ஓடிபி, அதுவும் ஊர் நம்பருக்கு. அங்கிருந்தே ரோமிங் திறக்கப் பார்த்தேன், அதற்கும் அதே நம்பருக்கு ஓடிபி. வாழைச்சேனை அக்காதான் கைமாற்றாகத் தந்தார். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஊரில் இருக்கும்போதே ரோமிங்கைத் திறந்துவிடுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் மூடி வையுங்கள். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசில்லை. ஆனால் ரோமிங்கில் நிற்கும்போது வருகிற கோலை எடுத்தால் காசு போகும், அதை மறக்கக்கூடாது.

ஏறாவூரிலிருந்து

உங்கள் வாப்பா விறாந்தையில் இருந்ததை வாசித்துவிட்டு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் துபாய்க்குப் போய்ச் சேர்ந்த அன்று, "வந்துட்டன்" என்று வட்ஸ்அப்பில் எழுதினார். சந்தோஷம். உடனே கோல் எடுத்தேன், கதைக்க முடியவில்லை. அவர் எடுத்தார், அதுவும் சரிவரவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது. மெசேஜ் வருகிறது, படம் வருகிறது, குரல் மட்டும் இல்லை. வெளிக்கிடும்போது காசு விஷயமாக ஒரு சின்னக் கோபம் இருந்தது, அதுதான் மனிதர் கதைக்கிறார் இல்லை என்று நான் நினைத்தேன். மாமியும் அப்படித்தான் நினைத்தா. அங்கே வட்ஸ்அப்பில் எழுதலாம், கோல் எடுக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அவருடைய அறையில் இருந்த ஒரு நானாதான் பொட்டிம் என்கிற கோல் எடுக்கும் அப்பைப் போடச் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் போட்டால் மட்டும் போதாது, இங்கே என் போனிலும் இருக்க வேண்டும். என்னுடையது பழைய போன், மெமரி நிரம்பி இருந்தது. பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்களை ராத்தாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, இங்கே அழித்துத்தான் இடம் எடுத்தேன். வெளிக்கிடும் முன் இரண்டு போனிலும் போட்டு, ஒரே வீட்டுக்குள் இருந்து ஒரு கோல் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு நாள் இருந்திருக்காது.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலை முடிந்து வரும்போது இங்கே மகன் நித்திரை. அதனால் அவர் விடிய வேனில் போகும்போது மகனுக்கு ஒரு வொய்ஸ் நோட் போடுவார். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை மூன்று தடவை கேட்பான். வேன் சத்தத்தோடு சேர்த்துக் கேட்பான்.

கல்முனையிலிருந்து

நான் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், ரீலோடும் உண்டு. தினம் பார்க்கிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் போனில் வீட்டு நம்பர்கள் எல்லாம் 077, 071 என்றுதானே சேமித்திருக்கும். வெளிநாட்டு சிம்மைப் போட்டதும் அந்த நம்பர்கள் போகாது. பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போட்டுச் சேமியுங்கள். இங்கே இருக்கும்போதும் அது வேலை செய்யும், அதனால் இன்றைக்கே மாற்றலாம்.

புது சிம் போட்டால் வட்ஸ்அப் போய்விடும் என்று பயந்து பலர் புது நம்பரில் புதிதாகத் திறக்கிறார்கள். தேவையில்லை. சிம் மாறினாலும் வட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். வீட்டிலுள்ளவர்கள் பழைய நம்பரில்தான் தேடுவார்கள்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் ஐபோன் 14, அதற்குப் பிறகு வந்த மொடல்கள், இவற்றில் சிம் போடுகிற தட்டே இல்லை. 2022 முதல் அங்கே இந்த மொடல்களில் இ-சிம் மட்டும்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றுகிற சிம். சித்தப்பா அன்பளிப்பாகத் தந்தது என்று சிம்மைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். இங்கேயும் இ-சிம் எடுக்கலாம். ஆனால் போன் அங்குள்ள கம்பனியோடு பூட்டப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பூட்டியிருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

கழற்றிய ஊர் சிம்மை பர்சுக்குள் போடாதீர்கள். ஒரு துண்டு டேப்பால் போன் கவரின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மருதமுனையிலிருந்து

வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் போனபோது நடந்தது. அப்போது சவூதியில் சிம் எடுக்கக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. உம்மா இளவயதிலிருந்து தறியில் இருந்தவர். விரல் நுனி தேய்ந்து வழுக்கையாக இருக்கும். அந்த இயந்திரத்தில் ஒரு விரலும் பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சரிவரவில்லை. கடைசியில் வாப்பாவின் பெயரில் ஒரு சிம், இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான்.

ஹாஜிகள் தங்குகிற மினாவில் கூடாரத்துக்குத் திரும்பும்போது கூட்டத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். எல்லாக் கூடாரமும் ஒரே வெள்ளை. உம்மாவிடம் போன் இல்லை. கழுத்தில் ஒரு துணிப் பை இருந்தது. அதன் உள்பக்கம் நான் மார்க்கர் பேனையால் மூன்று நம்பர் எழுதியிருந்தேன்: வாப்பாவின் போன், குழுத் தலைவரின் போன், எங்கள் வீட்டு லேண்ட்லைன். வாப்பாவின் சவூதி நம்பர் அங்கே போன பிறகுதானே தெரியும், அதனால் நான் எழுதியது அவருடைய ஊர் நம்பர். குழுத் தலைவரின் போன் எடுபடவில்லை. ஓர் இந்தோனேசியப் பெண், உம்மாவின் மொழி ஒரு சொல்லும் தெரியாதவர், மூன்றாவது நம்பரை அடித்திருக்கிறார். 0094 67 என்று தொடங்கும் எங்கள் வீட்டு நம்பர்.

நான் அடுப்படியில் இருந்தேன். எடுத்தால் உம்மா. "மகள், நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியல்ல" என்றார். வைக்க வேண்டாம், அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, என் கைப்போனில் வாப்பாவின் சவூதி நம்பருக்கு எடுத்தேன். ஒரு காதில் உம்மா, மற்றக் காதில் வாப்பா. "பக்கத்துத் தூணில என்ன நம்பர் இருக்குது எண்டு கேள்" என்றார் வாப்பா. உம்மா அந்தப் பெண்ணிடம் கையைக் காட்டிக் கேட்டு, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். இருவரும் நின்றது இரண்டு வரிசை தள்ளி. அல்ஹம்துலில்லாஹ். அந்த லேண்ட்லைனை வெட்டிவிடலாம் என்று போவதற்கு முதல் மாதம்தான் வீட்டில் கதைத்தோம்.

கல்லடியிலிருந்து

சின்ன விஷயம், ஆனால் ஐரோப்பாவுக்கு உறவினர்களிடம் போகிறவர்களுக்குத் தேவை. பாரிஸில் சித்தியிடம் இறங்கி அங்கே ஒரு சிம் வாங்கினேன். ஜெர்மனிக்குப் போனேன், அதே சிம் மேலதிகக் காசில்லாமல் ஓடியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூனிலிருந்து அப்படித்தான். பிறகு சுவிஸில் இருக்கிற அக்காவிடம் போக பாசல் பக்கம் ரயில் எல்லை கடந்ததும் டேட்டா நின்றுவிட்டது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. சில பேக்கேஜில் சுவிஸையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், வாங்கும்போதே கேட்க வேண்டும். ஸ்டேஷனில் எந்த வாசலில் அக்கா நிற்கிறார் என்று தெரியாமல் முக்கால் மணித்தியாலம் குளிரில் நின்றேன்.

திருக்கோவிலிலிருந்து

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். என்னுடையது பழைய கதை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் கத்தாரில் வேலையில் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள், எங்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் விளங்கியது. வீட்டில் போன் இல்லை. சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு எடுத்தால், அவர்கள் ஆள் அனுப்பி மனைவியைக் கூப்பிடுவார்கள். அந்தக் கடைக்கு எடுத்தேன், எடுத்தேன், எடுத்தேன். அறையில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் கிழக்கு மாகாணம், ஒரு போன். கார்ட் முடிய முடிய ஒருவர் ஓடிப்போய் அடுத்ததை வாங்கி வருவார். ஒருவர் அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்.

மூன்றாம் நாள் இரவு அந்த போன் அடித்தது. அக்கரைப்பற்றில் ஒரு கடையிலிருந்து மனைவி. "நாங்க மூண்டு பேரும் இருக்கம்" என்றா. வீடு இல்லை, நம்பர் எழுதி வைத்த கொப்பியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் எனக்குக் கடிதம் போடும்போது உறையின் பின்னால் எங்கள் கேம்ப் நம்பரையும் எழுதி எழுதி அவவுக்கு அது பாடமாகிவிட்டது. 974 என்று தொடங்கி ஒரு மூச்சில் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறா.

இப்போது என்னுடைய மருமகனும் கத்தாரில்தான். பேத்திக்கு ஏழு வயது. அவரது நம்பரும் என்னுடைய நம்பரும் அவளுக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பேன், சொல்லுவாள்.

ஆரையம்பதியிலிருந்து

எழுதிய எல்லாருக்கும் நன்றி. திருக்கோவில் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்.

வருகிற மாதம் தம்பி படிக்க மலேசியா போகிறான். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவே ஒரு கலண்டர் மட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு தம்பியைப் பக்கத்தில் இருத்தினார். 60 என்று தொடங்கினால் அது நீதான், சரியா என்று கேட்டு எழுதினார். இறங்கி எத்தனை மணிக்கு எடுப்பாய் என்று கேட்டார். அங்கே நேரம் இரண்டரை மணித்தியாலம் முன்னால் என்று தம்பி சொல்ல, இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். உன்னுடைய சிம் வேலை செய்யாவிட்டால் யாருடைய போனிலிருந்து எடுப்பாய் என்று கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டு, மட்டையைச் சுவரில் ஆணியில் கொழுவியிருக்கிறார். நேற்றும் கேட்டார், "அந்த மூண்டாவது நம்பர் எடுத்தாச்சா?"