காலியம் சுழன்று நின்றுவிடுகிறது: தர்மபுரி, ஓசூர் பக்கம் யாராவது உதவுங்களேன்

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மின்சாரமும் காந்தமும் சேர்ந்தால் திரவம் தானாகச் சுழலும் என்று கண்ணெதிரே காட்ட ஆசை. கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தில் செம்பு வளையம், நடுவில் செம்புக் கம்பி, அடியில் நியோடிமியம் காந்தம். மின்னோட்டம் நடுவிலிருந்து ஓரத்துக்கு, காந்தப்புலம் கீழிருந்து மேலே. விசை இரண்டுக்கும் குறுக்கே தள்ள, திரவம் வட்டமடிக்கும். உப்புத்தண்ணீரில் அழகாக வந்தது.

1821இல் ஃபாரடே பாதரசத்தில் கம்பியைச் சுழல வைத்தார். பாதரசம் நஞ்சு, பிள்ளைகள் பக்கமே வரக்கூடாது. அதனால் காலியம் என்ற உலோகம் வாங்கினேன். 29.8 டிகிரியில் உருகும், நம்ம ஊர் சித்திரை வெயிலே போதும். முதல் சில நொடி சுழன்றதும் பிள்ளைகள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது! பிறகு மேலே சுருக்கம் சுருக்கமாக ஆக்சைடு ஆடை படிந்து நின்றுவிட்டது. மின்சாரம் தந்த பேட்டரி செல்லும் கொதித்தது, உலோகத்தில் மின்தடை அவ்வளவு குறைவு.

ஆடையை எடுக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றலாம். வகுப்பறையில் அதைவிடப் பாதுகாப்பான வழி உண்டா? செம்புக்குப் பதில் பழைய செல்லின் கரிக்கம்பி சரிவருமா? மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஓசூரில் வார்ப்பாலையில் வேலை செய்யும் அண்ணன்களே, உருகிய உலோகத்தைக் காந்தப்புலத்தால் கலக்குவதை நேரில் பார்த்திருந்தால் பிள்ளைகளிடம் வந்து பேசுவீர்களா?