50 ஈதர்நெட் போர்டு: ஒன்றை எத்தனை வெள்ளிக்கு விற்பது?

கேள்வி (கோலாலம்பூர்)

வணக்கம். ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலரும் டபிள்யூ5500 ஈதர்நெட் சிப்பும் வைத்த போர்டு ஒன்று தயாராகிறது. கம்பிவழி ஈதர்நெட், ஆர்எஸ்485 (மீட்டர் போன்ற கருவிகளோடு பேசும் கம்பி இணைப்பு), திருகு டெர்மினல், 9 முதல் 24 வோல்ட் வரை உள்ளீடு. வைஃபை கிடையாது. மின்சாரத்தை 3.3 வோல்ட்டுக்கு இறக்க ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் போட்டிருக்கிறேன். முதல் சுற்றில் 50.

ஒரு போர்டுக்கு உதிரிபாகம் 26 வெள்ளி (ரிங்கிட்), வெற்றுப் பலகையும் பாகம் பொருத்துவதும் 11, கூரியரும் வரியும் 3. ஆக 40. விற்பது இணைய அங்காடியில். இரட்டிப்பாக்கி 80 வெள்ளி வைத்தால் போதுமா? நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் ஏற்றும் மலிவான 24 வோல்ட் இன்ஜெக்டரை ஆர்ஜே45 ஜாக்கின் 4, 5, 7, 8 பின்களுக்குக் கொடுத்து, "பிஓஇ (கேபிள் வழி மின்சாரம்) உண்டு" என்று விலையைக் கூட்டலாமா?

பதில் 1 (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

விலைக்குப் போவதற்கு முன் மின்சாரப் பகுதியைத் திருத்துங்கள். ஏஎம்எஸ்1117 தாங்கும் உச்ச உள்ளீடே 15 வோல்ட்தான். 24 கொடுத்தால் போய்விடும். 12 வோல்ட்டிலும் நிம்மதி இல்லை. டபிள்யூ5500 மட்டும் 100 மெகாபிட் இணைப்பில் 130 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மற்றதையும் சேர்த்து 200 என்று வையுங்கள். 12-இலிருந்து 3.3-க்கு இறங்கும்போது 8.7 வோல்ட்டை 0.2 ஆம்பியரால் பெருக்கினால் 1.7 வாட், அத்தனையும் வெப்பம். மூடிய பெட்டிக்குள், நம்மூர் வெயிலில், சிப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வாங்கியவர் "நெட்வொர்க் அடிக்கடி அறுந்துபோகிறது" என்று எழுதுவார். அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்கும் பக் கன்வெர்ட்டர் போடுங்கள். அதற்குக் கூடும் சில வெள்ளியை 26-இல் சேர்த்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

இன்ஜெக்டர் யோசனை வேண்டவே வேண்டாம். எச்ஆர்911105ஏ போன்ற, டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும் ஜாக்கில் 4-5 ஒரு 75 ஓம் ரெசிஸ்டருக்கும், 7-8 இன்னொரு 75 ஓமுக்கும் போய், இரண்டும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. குறுக்கே 24 வோல்ட் வைத்தால் 150 ஓம் வழியாக 0.16 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 வாட். கடுகளவு ரெசிஸ்டர் அது, கருகிவிடும். உண்மையான 802.3ஏஎஃப் (பிஓஇ தரநிலை) சுவிட்ச் 25 கிலோ ஓம் அடையாளத்தைத் தேடிப் பார்த்த பிறகே மின்சாரம் விடும் என்பதால் அதனால் ஆபத்து இல்லை. இன்ஜெக்டர் எதையும் கேட்காமல் தள்ளிவிடும். முறையான பிஓஇ என்றால் வேறு ஜாக், 37 முதல் 57 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலர், மின்தனிமைக்கு (இரு பக்கமும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரிப்பதற்கு) டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேண்டும். முதல் 50-இல் அதைத் தொடாதீர்கள்.

பதில் 2 (கோலாலம்பூர்)

80 போதாது. உங்கள் 40-ஐ அப்படியே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பக் கன்வெர்ட்டர் விலையைப் பிறகு நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள்.

50 செய்தால் 50-ஐயும் விற்க முடியாது. இரண்டு பழுதாகும், இரண்டை மாற்றிக் கொடுக்க ஒதுக்க வேண்டும். 2,000 வெள்ளியை 46-ஆல் வகுத்தால் 43.50. சோதனைக்கு ஒரு போர்டுக்கு 12 நிமிடம். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 25 வெள்ளி என்று வைத்தால் 5. ஆன்டிஸ்டேட்டிக் பை, பெட்டி, லேபிள் 2. திரும்பி வருவதற்குக் கூரியர் ஒதுக்கீடு 1.50. இதுவரை 52. மாதிரிப் பலகை இரண்டு சுற்று, சோதனை ஜிக் (போர்டை மாட்டிச் சோதிக்கும் தாங்கி) எல்லாவற்றுக்கும் 600 என்றால் தலைக்கு 13. அடக்கவிலை 65.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். அங்காடிக் கட்டணம் 15 விழுக்காடு, லாபம் 20 விழுக்காடு என்று வைத்தால் 65-ஐ 1.35-ஆல் பெருக்குவார்கள்: 87.75 வரும். ஆனால் அங்காடி கட்டணம் பிடிப்பது விற்ற விலையில். 13.16 போனால் மிச்சம் 74.59. லாபம் 9.59தான், விலையில் 11 விழுக்காடு. பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 65-ஐ 0.65-ஆல் வகுத்தால் 100 வெள்ளி. 15 என்பது கணக்குக்காக வைத்தது. கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம், இலவச டெலிவரிப் பங்கு மூன்றையும் உங்கள் விற்பனையாளர் பக்கத்தில் பார்த்துக் கூட்டுங்கள்.

கடைக்காரர் 35 விழுக்காடு கழிவு கேட்டால் 100 வெள்ளி போர்டு 65-க்குப் போகும், ஒரு காசு மிஞ்சாது. முதல் சுற்றைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். திருகு டெர்மினல், பெட்டி, கேபிள் மாதிரிகளை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ஜாலான் பாசாரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஜாக்கை மட்டும் டேட்டாஷீட் இல்லாமல் வாங்க வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பின் வரிசை மாறியிருக்கும்.

கேட்டவர்

நன்றி அண்ணே. ஆனால் டபிள்யூ5500 தயாரிப்பாளரே ராஸ்பெர்ரி பை பிக்கோ வடிவில் ஏறக்குறைய 10 டாலருக்கு ஒரு போர்டு விற்கிறாரே. 100 வெள்ளி கொடுத்து என்னுடையதை யார் வாங்குவார்?

பதில் 1

ஈதர்நெட் மட்டும் வேண்டியவர் அதைத்தான் வாங்குவார், வாங்கட்டும். உங்கள் போர்டை வாங்குபவர் மீட்டரையோ இன்வெர்ட்டரையோ ஆர்எஸ்485 வழியாகப் படிக்கிறவர். ஆகவே ஆர்எஸ்485-ஐ மின்தனிமையோடு செய்யுங்கள், டின் ரெயிலில் (மின்பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும்படி பெட்டி கொடுங்கள், மாட்பஸ் டிசிபி (மீட்டர் அளவுகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெறிமுறை) மென்பொருளை ஏற்றியே அனுப்புங்கள். விலை அந்த வேலைக்கு. விற்பனைப் பக்கத்தில் சிப் பெயரைவிட வயர் இணைப்புப் படம் முதலில் வரட்டும்.

மேக் முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி எண்) மறந்துவிடாதீர்கள். டபிள்யூ5500-க்குள் முகவரி கிடையாது. மாதிரி நிரலில் உள்ளதையே 50-லும் ஏற்றினால் தனித்தனியாக எல்லாம் வேலை செய்யும், ஒரே சுவிட்சில் இரண்டு சேர்ந்தால் பிங் (இணைப்பைச் சோதிக்கும் பாக்கெட்) வரும், போகும். ஃபிளாஷ் சிப்பின் தனி எண்ணிலிருந்து 02 என்று தொடங்கும் முகவரியை உருவாக்கலாம். உலகளவில் தனித்த முகவரி வேண்டுமானால் முகவரி எழுதியே வரும் 24ஏஏ02இ48 சிப் போடுங்கள். 4,096 முகவரித் தொகுதியை, முகவரிகளை ஒதுக்கும் ஐஇஇஇ அமைப்பிடம் வாங்குவது 50 போர்டுக்கு வீண் செலவு.

பதில் 2

அந்த 12 நிமிடத்தில் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பார்ப்பது, மென்பொருள் ஏற்றுவது, முகவரியை லேபிளில் அச்சிடுவது, ஆர்எஸ்485-இல் ஒரு பதிவேட்டை (கருவியில் அளவு பதிந்திருக்கும் ரெஜிஸ்டர்) படிப்பது. ஈதர்நெட்டுக்கு ஒரு மீட்டர் கேபிள் போதாது. 80 மீட்டர் சுருள் ஒன்றை ஜிக்கோடு வைத்து 1,000 பிங் அனுப்புங்கள். ஜாக் பின்னில் சால்டர் சரியாக ஏறாத போர்டு ஒரு மீட்டரில் தப்பித்துவிடலாம், 80-இல் பாக்கெட்டை இழக்கும். ஒன்று இழந்தாலும் அந்த போர்டைத் தனியே எடுத்து வையுங்கள்.