மாகாளிக்கிழங்கு: வாங்கலாமா, விடலாமா?

ஓட்டேரி கலா:
சென்னை தங்கசாலைப் பக்கம் மாகாளி கூறு கட்டி வந்தாச்சு. ஊறுகாய் போட கிலோ கணக்கில் வாங்குறோம். இந்த வருஷம் யாரும் வாங்காதீங்கன்னு கேட்கத்தான் எழுதுறேன். ஜவ்வாது மலை, ஆந்திராவின் நல்லமலை மாதிரி இடங்களில் பாறை இடுக்கில் தானாப் படருற பால்கொடி இது. நம்ம கைக்கு வர்றது அதோட வேர். கடுக்காயைப் பொறுக்கினா மரம் நிக்கும். இதைத் தோண்டினா கொடியே போச்சு. உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமா இதைச் சேர்த்திருக்காங்க.

மூலக்கடை முனி:
அக்கா, தோண்டினாலே கொடி செத்துடும்ங்கிறது சரியில்லை. ஒரு தூரிலிருந்து பல வேர் கொத்தா இறங்கும். ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விலக்கி, பெருவிரல் பருமனைத் தாண்டின வேரைத் தூரிலிருந்து நாலு விரல் தள்ளி அறுக்கணும். மத்த வேரை விட்டு மண்ணை மூடிட்டா கொடி மறுபடி தழைக்கும். கடப்பாரையைப் போட்டுத் தூரோடு நெம்பும்போதுதான் அழியுது.

இன்னொண்ணு, ஊறுகாய்க்குப் பருத்த வேர் வேணும். சர்பத்துக்கு சல்லிவேர்கூட ஆகும். ஆந்திரா பக்கம் நன்னாரி சர்பத்னு விக்கிறதில் மாகாளி வேரும் போகுது. நாம விலகினா சரக்கு அந்தப் பக்கம் போகும், சின்ன வேருக்கும் கிராக்கி வரும். மலையில் இருக்கிறவங்களுக்கு வேர், கிழங்கு, தேன் எடுத்து விக்கிற உரிமையை 2006 வன உரிமைச் சட்டமே கொடுத்திருக்கு. அந்த வருமானத்தில் நாம கை வைக்கலாமா?

ஓட்டேரி கலா:
உரிமையை நான் மறுக்கலை தம்பி. ஆனா எடைக்குத்தானே காசு? நாலு விரல் விட்டு அறுக்கிறவருக்குக் கிலோ குறையும், தூரோடு இழுக்கிறவருக்குக் கூடும். ரெண்டு பேருக்கும் ஒரே விலைன்னா பொறுமையா எடுக்கிறவர்தான் தோத்துப்போவார். காய் முத்தி வெடிக்கிறதுக்கு முன்னாடி தோண்டிட்டா விதையும் விழாது. விழுந்த விதையும் லேசில் முளைக்காது.

தண்டையார்பேட்டை தனா:
வாங்குற இடத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கூறைப் புரட்டிப் பாருங்க. வேரோட மேல்முனையில் கொடி ஒட்டியிருந்த முண்டு, அதாவது தலைக்கட்டு இருந்தா, அது தூரோடு பிடுங்கினது. சுண்டுவிரல் கனத்து வேர் நிறைய கலந்திருந்தா இளங்கொடி. ரெண்டையும் தொடாதீங்க, ஏன் வேண்டாம்னு கடைக்காரர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. நன்னாரியையும் இதையும் குழப்பிக்க வேண்டாம். நன்னாரி கம்பி மாதிரி மெலிசா, கறுத்த பழுப்பா இருக்கும்.

வாங்கினதை வீணாக்குறதும் பாவம்தான். ராத்திரி முழுக்கத் தண்ணியில் ஊறப்போட்டு மண் போகத் தேய்ச்சு, தோல் சீவி, நீளவாக்கில் பிளந்து நடு நரம்பை உருவணும். நரம்பு தங்கினா மெல்லவே முடியாது. நறுக்கினதை அப்பப்போ மோரில் போடுங்க, காத்தில் கிடந்தா கறுக்கும். சுத்தம் பண்ணின ஒரு கிலோ துண்டுக்கு ஒரு லிட்டர் புளிச்ச கெட்டித் தயிர், 200 கிராம் கல்லுப்பு, 75 கிராம் மிளகாய்த்தூள், 50 கிராம் கடுகுப்பொடி, கொஞ்சம் மஞ்சள். உப்பைக் குறைச்சாலோ ஈரக்கரண்டி போட்டாலோ பூஞ்சை பிடிச்சு மொத்த ஜாடியும் போகும். முதல் பத்து நாள் தினமும் கிளறணும்.

ஓட்டேரி கலா:
தலைக்கட்டு அடையாளம் நல்ல யோசனை. ஆனா அந்த முண்டை வழியிலேயே நறுக்கி எறிஞ்சுட்டா இங்கே நமக்கு எப்படித் தெரியும்? அதனால மலைக்குக் காசு போகணும்னா கடுக்காய், சீயக்காய் வாங்குங்கன்னு சொல்றேன்.

மூலக்கடை முனி:
அதிலும் கவனம் வேணும் அக்கா. கிளையை வெட்டிப் பறிச்சா அடுத்த காய்ப்பு போச்சு. ஈரத்தோட குவிச்ச கடுக்காய் உள்ளே பூஞ்சை ஏறிக் கறுத்திடும். நாட்டு மருந்துக் கடைங்க இருக்கிற ராசப்பா செட்டித் தெருவில் வாங்கும்போது ஒண்ணை உடைச்சுப் பாருங்க, சதை மஞ்சள் கலந்த பழுப்பா, உலர்ந்து இருக்கணும். கொட்டையை எடுத்துட்டுத்தான் இடிக்கணும், "கடுக்காய்க்கு அகநஞ்சு", அதாவது உள்ளே இருக்கிற கொட்டை நஞ்சுன்னு சும்மா சொல்லலை. ஆனா மாகாளிக்குக் கிடைக்கிற காசு கடுக்காய்க்குக் கிடைக்காது. அறுத்த வாய் தெரியுற பருத்த வேருக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடத் தர்றோம்னு பத்துப் பேர் சேர்ந்து கேட்டா, அந்தச் சேதி மலைவரைக்கும் போகும்.

ஓட்டேரி கலா:
அந்த இருபது ரூபாய் தோண்டினவர் கைக்குப் போகுதா, நடுவில் நிக்குதான்னு தெரியுற வரைக்கும் நான் வாங்கலை.

தண்டையார்பேட்டை தனா:
அப்போ அதையே முதல்ல விசாரிப்போம். முனி, உங்களுக்குச் சரக்கு யார் மூலமா வருதுன்னு கேட்டுச் சொல்றீங்களா?