பல்லுக்கு கம்பியா அலைனரா? தை மாசம் கல்யாணம், ஒரே குழப்பம்

மதுரைக்காரி_சென்னையில்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 27. மேல் முன்பல்லு ரெண்டும் நல்லாவே எத்திக்கிட்டு இருக்கும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே நெருக்கம். ஸ்கூல் படிக்கிறப்பவே கம்பி கட்டிரலாம்னு அப்பா கூட்டிட்டு போனாரு, பல்லு எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும் எங்க அப்பத்தா "மேல் பல்ல புடுங்குனா கண்ணு போயிரும்"னு ஒரே பிடியா நின்னு அதோட நின்னு போச்சு. இப்ப தை மாசம் கல்யாணம், இன்னும் எட்டு மாசம் தான் இருக்கு. ரெண்டு கிளினிக் போய்ப் பாத்தேன். ஒரு இடத்துல நாலு பல்லு எடுத்து மெட்டல் கம்பி, ஒன்றரைல இருந்து ரெண்டு வருஷம், 50 ஆயிரம்னாங்க. இன்னொரு இடத்துல பல்லே எடுக்க வேணாம், அலைனர் (பல்லு மேல கழட்டி மாட்டுற கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் உறை) போட்டா ஆறே மாசம், ஒன்னே முக்கால் லட்சம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனா 20 ஆயிரம் குறைச்சுக்கலாம்னாங்க. எக்ஸ்ரே எதுவும் எடுக்கல, வாய்க்குள்ள ஸ்கேனர் விட்டு பல்லு நகர்ற மாதிரி ஒரு வீடியோ காட்டுனாங்க, அது பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, அதுலயே மனசு போயிருச்சு. போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஓஎம்ஆர்_வாசி:
நான் அலைனர் போட்டு முடிச்சவன், எனக்கு கேஸ் சின்னது, முன்னாடி ஒரு இடைவெளியும் ஒரு பல்லு லேசா திரும்புனதும் தான். ரிசல்ட் சூப்பர். ஆனா யாரும் சொல்லாத விஷயம் என்னன்னா ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில இருக்கணும், அப்போ சாப்பிட, பல்லு விளக்க எல்லாத்துக்கும் சேத்து மொத்தம் ரெண்டு மணி நேரம் தான். ஆபீஸ்ல பதினோரு மணி டீ, நாலு மணி டீ எல்லாம் கட், ஏன்னா சூடான எதையும் அதைப் போட்டுக்கிட்டு குடிச்சா ப்ளாஸ்டிக் வளைஞ்சிரும், கறையும் ஏறும், கழட்டிக் குடிச்சா அப்புறம் போய் வாய் கொப்பளிச்சுட்டு மாட்டணும். சும்மா தண்ணி மட்டும் தான் ஃப்ரீ. அப்புறம் டிஷ்யூல சுத்தி வைக்கவே வைக்காதீங்க, டப்பாவுல தான் வைக்கணும். எங்க டீம்ல ஒருத்தர் கல்யாணப் பந்தியில இலை ஓரமா டிஷ்யூல சுத்தி வச்சிருக்காரு, பாயசம் வாங்கிட்டு திரும்புறதுக்குள்ள இலையோட சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க, மனுஷன் கோட் சூட்டோட மண்டபத்துக்குப் பின்னாடி எச்சில் இலைத் தொட்டியில தேடிட்டு இருந்தாரு. கண்ணுக்கே தெரியாதுங்கிறதும் முக்கால்வாசி தான் உண்மை, பிடிமானத்துக்கு பல்லு மேல பல் கலர்லயே சின்னச் சின்ன மேடு ஒட்டுவாங்க, பக்கத்துல நின்னு பேசுனா தெரியும்.

பல்_டாக்டர்_திருச்சி:
நான் ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் வரிசையைச் சரி பண்ற ஸ்பெஷலிஸ்ட், தினமும் இதே வேலை தான். வாயைப் பாக்காம ட்ரீட்மென்ட் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதுனதை வச்சு சில விஷயம் சொல்லலாம்.

எக்ஸ்ரே எடுக்காம ஆறு மாசம்னு சொன்ன இடத்துக்கு திரும்பிப் போகாதீங்க. ஓபிஜின்னு முழு வாய்க்கு ஒண்ணு, பக்கவாட்டுல மண்டைக்கு ஒண்ணு எடுப்போம், செஃப்னு சொல்லுவோம். வேர் எவ்ளோ நீளம், எலும்பு எவ்ளோ இருக்கு, எத்திக்கிட்டு இருக்கிறது பல்லு மட்டுமா இல்ல தாடை எலும்பேவான்னு அதுல தான் தெரியும். ஸ்கேனர் ஈறுக்கு மேல இருக்கிறதைத் தான் பாக்கும். அந்த வீடியோவுல பல்லு வழுக்கிக்கிட்டு வந்து நிக்கும், நிஜத்துல அழுத்துற பக்கம் எலும்பு கரையணும், இழுக்குற பக்கம் புதுசா எலும்பு வளரணும், அதனால சுமாரா மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தான் நகரும். அவசரப்பட்டு ஃபோர்ஸ் கூட்டுனா வேர் கரைஞ்சு குட்டையாயிரும்.

இப்ப கணக்குப் போடுங்க. எடுக்கச் சொன்னது சிங்கப்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற ப்ரீமோலார் நாலா தான் இருக்கும், ஒவ்வொண்ணும் ஏழு மில்லிமீட்டர் அகலம். முதல்ல வரிசைப்படுத்தவே சில மாசம், அப்புறம் அந்த ஏழு மில்லிமீட்டர் இடத்தை மூடணும். ஒன்றரை ரெண்டு வருஷம்னு சொன்னவர் ஏமாத்தல. பல்லு எடுக்காமலும் இடம் பண்ணலாம் தான், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டருக்குள்ள எனாமல தேய்ச்சு எடுப்போம், லேசான நெருக்கத்துக்கு அது போதும். எத்துப்பல்லும் இருந்து நெருக்கமும் இருக்கிற வாயில இடமே பண்ணாம வரிசையா அடுக்குனா பல்லு இன்னும் வெளிய தான் வரும், வரிசை நேரா இருக்கும், உதடு மூடாது. பல்லு எடுத்த கேஸ்ல அலைனர் முடியவே முடியாதுன்னு இல்ல, ஆனா பல்லு வேரோட நேரா நகராம அந்த ஓட்டைப் பக்கம் சாய்ஞ்சிரும், அதைத் தடுக்க கை தேர்ந்தவங்க வேணும். கம்பியில அந்தக் கண்ட்ரோல் சுலபம்.

அதனால கம்பியா அலைனராங்கிறதை விட, பாக்கிறவர் பிடிஎஸ்ங்கிற பல் டாக்டர் படிப்புக்கு மேல மூணு வருஷம் எம்டிஎஸ் ஆர்த்தோ படிச்சவரான்னு முதல்ல கேளுங்க. வீட்டுக்கே கிட் அனுப்பி டாக்டரை நேர்ல பாக்காமலே அலைனர் கொடுத்த அமெரிக்காவோட ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பர்ல கடையை மூடுனப்ப பாதி ட்ரீட்மென்ட்ல இருந்தவங்க நடுவாந்திரத்துல நின்னாங்க.

அப்பத்தாகிட்ட சொல்லுங்க, மேல் பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற.

வெட்டிப்பேச்சு_98:
எதுக்குங்க இதெல்லாம், தெத்துப்பல்லும் அழகு தான், மாப்பிள்ளை பாத்துத்தான ஓகே சொன்னாரு.

மதுரைக்காரி_சென்னையில்:
அவருக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, எனக்குத் தான் உதடு மூட மாட்டேங்குது, தூங்குறப்ப வாய் காஞ்சு போகுது. டாக்டர் சார் ரொம்ப நன்றி. கம்பின்னா கல்யாண ஃபோட்டோவுக்கு என்ன பண்றது? அம்மா அதைத் தான் கேட்டுட்டே இருக்காங்க.

ரெண்டு_புள்ளைக்காரி:
என் மகளுக்கு பல் மருத்துவக் கல்லூரியில தான் கம்பி போட்டோம்மா, பிஜி ஸ்டூடன்ட்ஸ் செய்வாங்க, ப்ரொஃபசர் கூடவே நின்னு பாப்பாங்க, தனியாரை விட செலவு ரொம்பக் கம்மி, சென்னையிலயே கோட்டை ஸ்டேஷன் எதிர்ல அரசு கல்லூரி இருக்கே. முதல் வாரம் தயிர் சாதமும் இட்லியும் தான், கன்னத்துல குத்துற இடத்துல வைக்க மெழுகு குடுப்பாங்க, கேட்டு வாங்கிக்கோ. முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய் எல்லாம் மறந்துரு, கடிச்சா ப்ராக்கெட் (கம்பியைப் பிடிக்க ஒவ்வொரு பல்லுலயும் ஒட்டுற சின்ன வில்லை) கழண்டு கையோட வந்துரும். கொய்யாவை நறுக்கி கடைவாயில போட்டு மெல்லு. பல் கலர்லயே இருக்கிற செராமிக் ப்ராக்கெட் போட்டா தெரியாதுன்னு சொல்லுவாங்க, ஆனா அதுல மாட்டுற வெள்ளை ரப்பர் நம்ம வீட்டு மீன் குழம்புக்கும் சாம்பாருக்கும் ரெண்டே நாள்ல மஞ்சளாயிரும், ப்ராக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த தடவை போறப்ப மாத்துவாங்க.

பல்_டாக்டர்_திருச்சி:
அக்கா சொல்றது சரி. ஃபோட்டோவுக்கு வழி இருக்கு. ரொம்பத் தெரியுற முன்பல்லு ப்ராக்கெட்டை மட்டும் முகூர்த்தத்துக்கு முன்னாடி கழட்டிட்டு அப்புறம் திரும்ப ஒட்டிக்கலாம், கல்யாணப் பொண்ணுங்களுக்கு நாங்க செய்யுறது தான், டாக்டர்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லி வச்சிருங்க. செராமிக்னா புது ரப்பர் மாட்டிட்டாலே போதும். ஆனா எட்டாவது மாசம் எடுத்த இடம் முழுசா மூடியிருக்காது, சிரிச்சா ஓரத்துல ஓட்டை தெரிய வாய்ப்பு இருக்கு. அது வேணாம்னா இப்ப ஈறு சுத்தம், சொத்தை அடைக்கிற வேலையை முடிச்சுட்டு கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிங்க, 27 வயசுல ஒரு வருஷம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது.

கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போறீங்களாங்கிறதையும் யோசிங்க. பாதியில டாக்டர் மாத்துறது எங்களுக்கே தலைவலி, கணக்கும் தகராறாகும். முடிஞ்ச பிறகு பல்லு பழைய இடத்துக்குத் திரும்பாம பிடிச்சு வைக்கிற ரீடெய்னர் போடணும், அதுக்கும் சேத்து தான் காசா இல்ல தனியான்னு இப்பவே எழுதி வாங்கிக்கோங்க, பலர் கம்பி கழட்டுற அன்னைக்குத் தான் இதைக் கேக்குறாங்க. ராத்திரியில மட்டும்னாலும் வருஷக்கணக்கா போடுறது அது.

மதுரைக்காரி_சென்னையில்:
கல்யாணம் ஆகி கோயம்புத்தூர் போறேன் சார். அப்போ அங்கயே போய் ஆரம்பிச்சுக்கறேன். இங்க எடுக்குற எக்ஸ்ரேவ அங்க வச்சுக்கலாமா?

பல்_டாக்டர்_திருச்சி:
இப்ப எடுக்காதீங்க, ஆரம்பிக்கிறப்ப எடுத்தா போதும். க்ளீனிங் மட்டும் இங்கயே முடிச்சுருங்க.