வீட்டுக்குள் வந்த சிலந்தி விஷமுள்ளதா? பார்த்து அறிந்தவர்கள் சொல்லும் அடையாளங்கள்

சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதைப் பார்த்துத்தான் பலரும் அலறுகிறார்கள். உடம்பு தட்டையாக, கால்கள் நண்டுக்கால் மாதிரி பக்கவாட்டில் விரிந்திருந்தால் அது ஹன்ட்ஸ்மேன். வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். தட்டையான வட்ட முட்டைப்பையை அடியில் சுமந்து திரியும் பெண் சிலந்தியைச் சீண்டினால் கடிக்கலாம். வலிக்கும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது அளவில் மிகச் சின்னது. கறுப்பு விதவை (பிளாக் விடோ) என்ற விஷச் சிலந்தியின் பெண்ணைக் காலை விட்டுவிட்டு அளந்தால் ஒரு சென்டிமீட்டர் சுற்றித்தான் வரும். வயிறு உருண்டை, மெருகு போட்ட மாதிரி பளபளப்பு, அடியில் சிவப்பாக ஓர் உடுக்கை வடிவம். அதன் ஆஸ்திரேலிய உறவான ரெட்பேக் என்றால் முதுகிலும் சிவப்புப் பட்டை இருக்கும்.

*

உடுக்கையை மட்டும் நம்பாதீர்கள். சிலவற்றில் அது நடுவே அறுந்து இரண்டு புள்ளியாக நிற்கும். இதே வகையைச் சேர்ந்த பழுப்பு விதவையில் ஆரஞ்சு நிறம். குஞ்சுகளின் முதுகில் வெள்ளைக் கோடுகள் ஓடும், பெரியதோடு ஒப்பிட்டால் வேறு இனம் என்றே தோன்றும்.

வலையைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கு அடியில், பூந்தொட்டி ஓரத்தின் உள்பக்கம், மீட்டர் பெட்டிக்குள், தரையை ஒட்டி ஒழுங்கே இல்லாத சிக்கல் வலை இருக்கும். ஒரு குச்சியால் இழுத்துப் பாருங்கள். சாதாரண ஒட்டடை பஞ்சு மாதிரி குச்சியில் சுருண்டுகொள்ளும். விதவையின் நூல் விறைத்து நின்று படக்கென்று அறும், காதுக்கே கேட்கும். பக்கத்தில் உடம்பெங்கும் முள் முளைத்த உருண்டை முட்டைப்பை தொங்கினால் பழுப்பு விதவைதான், சிலந்தியைத் தேடவே வேண்டாம்.

விதவையைப் போலவே தோன்றும் ஸ்டியடோடா என்ற சிலந்தியும் இப்படிச் சிக்கலாகத்தான் கட்டும், பளபளப்பும் உண்டு. அதற்கு உடுக்கை கிடையாது. வயிற்றின் முன்பக்கம் பலவற்றில் வெளிறிய பிறை வடிவப் பட்டை இருக்கும்.

*

பழுப்புச் சிலந்தி எதைக் கண்டாலும் "ரெக்லூஸ்" (கடித்த இடத்தில் தோலை அழுகச் செய்யக்கூடிய விஷச் சிலந்தி) என்பவர்களுக்கு: அதன் அடையாளமாகச் சொல்லப்படும், முதுகிலுள்ள வயலின் வடிவக் கறையை விடுங்கள். வயலின் என்று நினைத்துப் பார்த்தால் பாதிச் சிலந்திக்கு வயலின் தெரியும். கூரை மூலையில் நூல் போன்ற காலோடு தொங்கி, ஊதினால் கிடுகிடுவென்று உடம்பை ஆட்டுமே, அதன் முதுகிலும் கறை உண்டு. (அதுதான் உலகிலேயே கொடிய விஷம், பல்தான் நுழையாது என்ற கதை வெறும் கதை.)

கண்ணை எண்ணுங்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண். ரெக்லூஸுக்கு ஆறு, இரண்டிரண்டாக மூன்று ஜோடி. கால்களில் முள் இல்லை, வரி இல்லை, ஒரே நிறம். வயிற்றிலும் கோலம் கிடையாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் அது ரெக்லூஸ் இல்லை.

*

சின்னத் திருத்தம்: இரை மீது எச்சில் துப்பிப் பிடிக்கும் சைட்டோடிஸ் என்ற சிலந்திக்கும் மூன்று ஜோடிக் கண்தான். ஆனால் தலைப்பகுதி கூன் விழுந்த மாதிரி மேடாக இருக்கும், உடம்பெல்லாம் கரும்புள்ளி. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் குழப்பம் தீர்ந்தது.

பிடிக்கும்போது கால் விரிப்பைவிட அகன்ற வாயுள்ள கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையை மெதுவாக நகர்த்துங்கள். சின்ன டம்ளர் என்றால் விளிம்பில் கால் அறுபடும். டம்ளரோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மந்தமாகிவிடும், ஃப்ரீசரில் வேண்டாம். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, கண்ணாடி வழியாக அடிவயிறு ஒன்று எனப் படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் குறியெல்லாம் அழிந்துபோகும். பக்கவாட்டில் டார்ச் போதும். அளவு தெரிய ஒரு நாணயம் வையுங்கள்.

அடித்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். காய்ந்தால் வயிறு சுருங்கி அடையாளம் போய்விடும். 70 சதவீத ஆல்கஹாலில், இல்லையென்றால் கை கழுவும் சானிடைசரில் மூழ்கவிடுங்கள். நசுங்கியதுகூட உதவும், அதன் கண்கள் நசுங்காமல் இருந்தால் போதும்.

*

கடி பற்றி. விதவை கடித்தால் முதலில் ஊசி குத்தின மாதிரிதான். ஒரு மணி நேர அளவில் வலி பரவும், வியர்க்கும், வயிற்றுத் தசை பலகையாக இறுகும். குடல்வால் வலி என்று தவறாக நினைப்பதும் நடக்கிறது, அதனால் சிலந்தியைப் பார்த்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ரெக்லூஸ் கடி அந்த நேரத்தில் பெரும்பாலும் தெரியாது, சில மணி நேரம் கழித்தே வலிக்கும்.

சிலந்தியை யாருமே பார்க்கவில்லை, காலையில் எழுந்தால் சீழ்க்கட்டி என்றால் பெரும்பாலும் கிருமித்தொற்று. அதைச் "சிலந்திக்கடி" என்று விட்டுவிட்டால் தேவையான மருந்து தள்ளிப்போகும்.

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வையுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இறுகக் கட்டுவது ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கத்து ஃபனல்வெப் என்ற கொடிய விஷச் சிலந்தி வகைக்குத்தான், ரெட்பேக் கடிக்குக் கட்டினால் வலி கூடும். சிவப்பு எதுவரை பரவியிருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதிவையுங்கள். அடுத்த கோடு எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதுதான் மருத்துவர் கேட்கப்போவது.