யானைக்குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸை லேபில் ஏன் வளர்க்க முடியவில்லை?

கேள்வி: இளங்கன்று

கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். யானைகளுக்கு வரும் இந்த ஹெர்பிஸ் வைரஸை, அதாவது இ.இ.ஹெச்.வி.யை, செல் கல்ச்சரில் (உடலுக்கு வெளியே தட்டில் வளர்க்கும் செல்களில்) இன்றுவரை நம்பகமாக வளர்க்க முடியவில்லை என்று படித்தேன். வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் 1995ல் குமாரி என்ற குட்டி இறந்தது, 1999ல் இதுதான் காரணம் என்று ரிச்மன் குழு எழுதியது, அதற்கப்புறம் இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. நாயையும் சிங்கத்தையும் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸெல்லாம் லேபில் வழக்கமாகப் பயன்படும் வீரோ செல்லில் வளர்கிறதே, இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? வளர்க்கவே முடியாத வைரஸுக்கு ஹூஸ்டனில் எப்படித் தடுப்பூசி செய்தார்கள்?

பதில்: ஃபிளாஸ்க்கும் நானும்

டிஸ்டெம்பரும் அவ்வளவு சுலபமில்லை நண்பரே. நோயுற்ற விலங்கிலிருந்து நேரடியாக எடுத்த வைரஸ் சாதாரண வீரோவில் சரியாகப் பிடிக்காது. வைரஸ் ஒட்டி உள்ளே நுழையும் வாசலான நாயின் ஸ்லாம் ரிசெப்டரை அந்தச் செல்லுக்குள் ஏற்றிய பிறகுதான் ஓரிரு நாளில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடிகிறது. வீரோ என்பது 1962ல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் லைன் (லேபில் தொடர்ந்து பெருகும் செல் வம்சம்), அதற்கு வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதம் சுரக்கத் தெரியாது, அதனால்தான் பலதரப்பட்ட வைரஸ்களுக்கு இடம் கொடுக்கிறது.

இ.இ.ஹெச்.வி. சைட்டோமெகலோவைரஸ் என்ற இன்னொரு ஹெர்பிஸ் வைரஸுக்கு உறவுக்காரன். அந்தக் குடும்பமே தன் விலங்கை விட்டு வெளியே போகாது. மனித சைட்டோமெகலோவைரஸ் எலியிடம் வளராது. அப்படியானால் யானைச் செல்லில் போடலாமே என்றால், அதையும் முயன்றிருக்கிறார்கள், நிலையாகப் பெருகும்படி கிடைக்கவில்லை. இந்த வைரஸ் நாசம் செய்வது நுண் இரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்லை. உடலுக்குள் இரத்த ஓட்டத்தின் அழுத்தத்தில் இருந்த செல்லை எடுத்து பிளாஸ்டிக்கில் சில முறை பாசேஜ் செய்தாலே (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தாலே) அதன் குணம் மாறிவிடும். காரணம் அதில்தான் இருக்கும் என்பது என் ஊகம். செத்த குட்டியின் திசு பெரும்பாலும் மணிக்கணக்கில் வெயிலில் கிடந்த பிறகே கைக்கு வருகிறது, அதில் உயிருள்ள வைரஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பதில்: முகாம் வைத்தியர்

லேப் விஷயத்தை மேலே சொல்லிவிட்டார், நான் களத்தைச் சொல்கிறேன் தம்பி. பெரிய யானைகள் பெரும்பாலும் இதைச் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கும், அவ்வப்போது துதிக்கை நீரில் வெளியே விடும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குறையும் வயதில், ஏறக்குறைய ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், குட்டி மாட்டிக்கொள்கிறது. காலையில் கொஞ்சம் சோர்வாக இருந்தது, தலை வீங்கியது, நாக்கு நீலம் பாய்ந்தது, மறுநாள் இல்லை. இதைவிடக் கொடுமை பார்த்ததில்லை.

ஆப்பிரிக்க யானைகளோடு பூங்காவில் சேர்ந்து இருந்ததால்தான் ஆசிய யானைக்கு இது வந்தது என்று ஒரு காலத்தில் பேசினார்கள். டாக்டர் அருண் சக்கரியா குழுவின் 2013 ஆய்வு அதை உடைத்தது: தென்னிந்தியாவில் காட்டிலேயே இறந்த குட்டிகளிடமும் இது இருந்தது, அதுவும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட ரகங்களாக. நம் காட்டில் வெகுகாலமாக இருக்கும் வைரஸ் இது. இதைக் கண்டுபிடித்ததில் கல்ச்சருக்கு வேலையே இல்லை, எல்லாம் வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆரும் மரபணு வரிசை வாசிப்பும்தான்.

இளங்கன்று

நன்றி சார். அப்படியென்றால் வளர்க்க வேண்டிய தேவையே இல்லையா?

பதில்: ஃபிளாஸ்க்கும் நானும்

தடுப்பூசிக்கு இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள். வைரஸின் முழு மரபணுவையும் இறந்த குட்டிகளின் திசுவிலிருந்தே 2013ல் வாசித்துவிட்டார்கள். அதிலிருந்து மேற்பரப்புப் புரதங்களுக்கான மரபணுவை மட்டும் எடுத்தால் போதும். ஹூஸ்டன் பூங்காவும் பெய்லர் மருத்துவக் கல்லூரியும் அதை எம்ஆர்என்ஏ ஊசியாக்கி (புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடலுக்குள் அனுப்பும் ஊசி) 2024 ஜூனில் டெஸ் என்ற 40 வயது யானைக்குப் போட்டார்கள். இங்கிலாந்தில் செஸ்டர் பூங்காவும் சர்ரே பல்கலைக்கழகமும் வேறு வழியில் போய், தங்கள் ஊசி வைரஸை எதிர்க்கும் டி-செல்களைத் தூண்டுகிறது என்று 2025ல் காட்டினார்கள்.

ஆனால் மருந்து? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஹெர்பிஸ் எதிர்ப்பு மருந்துகளான ஃபாம்சிக்ளோவிர் கொடுக்கிறோம், கேன்சிக்ளோவிர் கொடுக்கிறோம், பிழைத்த குட்டிகளும் உண்டு. அது மருந்தாலா, சீக்கிரம் கண்டுபிடித்து இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றியதாலா? ஒரு தட்டில் வைரஸ் வளர்ந்தால் எந்த மருந்து எந்த அளவில் அதை நிறுத்துகிறது என்று ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம். இப்போது உயிருள்ள குட்டியிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். தடுப்பூசி போட்ட யானையின் ஆன்டிபாடி உண்மையான வைரஸை முடக்குகிறதா என்று நேராகச் சோதிக்கவும் வழியில்லை. அதனால் கல்ச்சர் வேண்டவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதில்: முகாம் வைத்தியர்

ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்று, தம்பி: வேலைக்கு வந்தபின் குட்டி யானையின் பிரேதப் பரிசோதனை செய்யும் நாள் வந்தால், இதயம், நாக்கு, கல்லீரல் துண்டுகளை ஃபார்மலினில் (அதில் வைரஸ் செத்துவிடும்) மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வனத்துறை அனுமதியோடு ஒரு பங்கை உடனே ஐஸில் வையுங்கள். உயிரோடு இருக்கும் குட்டிகளுக்கு வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்து பிசிஆர் பார்க்க முடிந்தால், நாக்கு நீலமாவதற்குப் பல நாள் முன்பே வைரஸ் ஏறுவது தெரிந்துவிடும்.